நிழல் முறை

கூனிமலையை அறுத்து லாரியில் ஏற்றி முடித்த பிறகும் அதன் நிழல் மட்டும் பொழுது சாயச் சாய ஒத்தப்புளிப்பட்டி மேல் எப்போதும்போல் வந்து விழுந்துகொண்டிருந்தது. அதை அந்த ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை. கவனிக்க என்ன இருந்தது? பிறந்த நாள் முதல் பார்த்த நிழல். மேற்கே மலை, கிழக்கே ஊர். மதியம் கழிந்ததும் நிழல் மலையடித் தரிசில் இறங்கும், தரிசைக் கடந்து ஒற்றைப் புளியமரத்துக்கு வரும், புளியமரத்தைத் தொட்டதும் மேலவயலுக்குப் போய்க்கொண்டிருக்கும் தண்ணீரைக் கீழவயலுக்குத் திருப்பிவிட வேண்டும், பிறகு அது தெருவுக்குள் நுழையும், நுழைந்ததும் ஆடுகள் தாமாகப் பட்டிக்குத் திரும்பும், காயப்போட்ட மிளகாயைப் பெண்கள் அள்ளுவார்கள், கடைசியில் கீழக்கோடியில் செகப்பி வீட்டு ஆட்டுப்பட்டியில் போய் நின்று இருட்டோடு இருட்டாகக் கலந்துவிடும். தண்ணீர் திருப்புவதற்கு அங்கே நிழல் முறை என்றே பெயர். மலை இருந்த காலத்திலும் யாரும் மலையைப் பார்த்து வாழ்ந்ததில்லை, தரையைப் பார்த்துத்தான் வாழ்ந்தார்கள். ஆகையால் மலை தேயத் தேய அவர்கள் தலை நிமிரவில்லை, தேய்ந்து இல்லாமலே போனபோதும் நிமிரவில்லை.

முதலில் கேட்டவள் ரெஜினா. கல் கம்பெனி மலையை முடித்துக்கொண்டு நெடுஞ்சாலையோரத்துப் பாலிஷ் பட்டறைக்கு நகர்ந்ததும், மலையடித் தரிசை வெயில் கம்பெனி ஒன்று நீண்ட குத்தகைக்கு எடுத்து, சூரியன் போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பும் கண்ணாடிப் பலகைகளை வரிசை வரிசையாக நட்டது. அந்தப் பலகைகளைப் பார்த்துக்கொள்ள வந்த நாகர்கோவில் இன்ஜினியர் அவள். ஒரு மாதம் மீட்டரோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு ராவுத்தர் டீக்கடைக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, மதியத்துக்கு மேல இங்க என்ன ஆகுது? மேகமே இல்ல, சூரியன் முழுசாத் தெரியுது, கரண்ட் மட்டும் ஏற மாட்டேங்குது."

"அதான் நெழல் வந்துருதுல்லம்மா."

"எதோட நிழல்?"

"மலையோடதுதான்."

"மலை எங்கண்ணே?"

ராவுத்தர் வடிகட்டியைக் கையில் பிடித்தபடி மேற்கே திரும்பிப் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய மட்டும் வானம் இருந்தது. சூரியன் முழுசாகத் தெரிந்தது, கண் மட்டும் கூசவில்லை. "அட, ஆமால்ல," என்றார். வடிகட்டியை உதறிவிட்டு, "சீனி தூக்கலாவா, கம்மியாவா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் ஊரே வந்து பார்த்தது. இல்லாத மலையின் இருக்கிற நிழலுக்குள் நின்று, நிழலை மிதித்து, நிழலில் துப்பி, குனிந்து தடவிப் பார்த்தது. மறுநாள் மேலூரிலிருந்து மைக்கோடு ஒருவன் வந்து எப்படி ஃபீல் பண்றீங்க என்று கேட்டதற்கு, மிளகாய் அள்ளிக்கொண்டிருந்த ஒருத்தி "குளுகுளுன்னு இருக்கு, வேற என்ன?" என்றாள். கோயில் கட்டலாம் என்று ஒரு பேச்சு எழுந்தது. முதல் மரியாதை எந்த வகையறாவுக்கு என்பதில் அது முறிந்துபோனது. அதன் பிறகு நிழல் பழையபடி நிழலானது. தண்ணீர் திருப்பும் வீரணன் நிழலைப் பார்த்துக் குழாய் வால்வைத் திருகினான், ஆடுகள் பட்டிக்கு வந்தன, வெளியூரிலிருந்து வாழ வந்த மருமகள்கள்கூட ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள்.

ஒன்று மட்டும் மாறியிருந்தது. மலை இருந்தபோது நிழலின் விளிம்பு புகைமாதிரி மங்கிக் கிடக்கும். மலை போன பிறகு கத்தியால் அறுத்ததுபோல் கூர்மையாகிவிட்டது. அந்தக் கூர்மையில், நிழலுக்கெல்லாம் முன்னால் வரும் மலைக்கூனின் உச்சியில், ஒரு ஆள் நிற்பது தெரிந்தது. இடது தோள் சற்று ஏறியிருக்கும். தலையில் கட்டிய துண்டின் ஒரு முனை ஆட்டுக்காது மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும். வேலை முடிந்து வருகிற ஆள்போல அவன் தரிசைக் கடப்பான், கண்ணாடிகளின் மேல் ஏறி இறங்குவான், புளியமரத்தடியில் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டுவான், தெருவின் நடுவே நேராக நடந்து கீழக்கோடிக்குப் போவான். அவன் பின்னால் மலை வரும்.

தெருவில் உட்கார்ந்திருப்பவர்கள் அவன் வரும்போது காலை மடக்கிக்கொண்டார்கள். வீரணன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். கட்டில்கள் ஓரம் போயின. அது யார் என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது, தெரிந்த விஷயத்தைப் பேசுவானேன் என்று இருந்தார்கள்.

அது செகப்பியின் புருஷன். கல் கம்பெனியில் பாறையில் துளை போடும் மிஷின் பிடித்தவன். ஒரு நாள் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. அன்றைக்கு மலையின் ஒரு பக்கம் சரிந்து, கல் எடுத்த பழைய குழிக்குள் விழுந்தது என்பது ஊருக்குக் கேட்டது, நிலம் அதிர்ந்தது, தூசி வந்து சோற்றில் விழுந்தது. "அவன் அன்னைக்கு வேலைக்கே வரல," என்றார் அங்கே ஆட்களை வேலை வாங்கிய சாத்தையா மேஸ்திரி. கம்பெனியும் அதையே சொன்னது. அந்த வாரமே கழிவுக்கல்லைக் கொண்டுவந்து அந்தக் குழியில் கொட்டினார்கள். பிறகு, திருப்பூர் பஸ்ஸில் அவனை ஒரு பெண்ணோடு பார்த்ததாக ஒரு பேச்சு எங்கிருந்தோ புறப்பட்டு வந்தது. செகப்பிக்கு ஓடிப்போனவன் பெண்டாட்டி என்று பெயராயிற்று. செத்தான் என்று தாலியை அறுக்கவும் முடியவில்லை, இருக்கிறான் என்று பூ வைக்கவும் முடியவில்லை. கல்யாண வீட்டில் அவளை எந்தப் பந்தியில் உட்காரவைப்பது என்று தெரியாமல் அவளைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

அந்தப் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் சொல்லுவாள்: பாடையைத் தூக்கும்போது. தலைமாட்டில் நின்று, முறத்தால் மாரில் அடித்துக்கொண்டு, பேர் சொல்லி ஒரு கூப்பாடு. அந்தக் குரலைக் கேட்டால்தான் செத்தவனுக்குத் தான் செத்தது தெரியும், திரும்பிப் பார்க்காமல் போவான் என்பது வழக்கம். செகப்பிக்குத் தூக்கப் பாடை இல்லை. ஆகவே அந்தப் பேர் அவள் தொண்டைக்குள் அப்படியே கிடந்தது. தினமும் சாயங்காலம் ஆட்டுப்பட்டியில் நிழல் வந்து நிற்கும்போது அவளும் போய் எதிரே உட்கார்ந்துகொள்வாள். "வந்தாச்சா," என்பாள். "கறுப்பிக்கு ரெண்டு குட்டி," என்பாள். இருட்டும் வரை உட்கார்ந்திருப்பாள்.

ஊர் வாயை மூடிக்கொண்டதற்குத் தண்ணீர்தான் காரணம். மலையில் வெடிவைத்து வெடிவைத்துப் பாறைக்குள் ஓடிய ஊற்றெல்லாம் தடம் மாறி, புளியமரத்தடிக் கிணறு வறண்டு, அந்த ஊற்றுகள் போய்ச் சேர்ந்த இடம் அந்தப் பழைய குழி. கொட்டிய கல்லுக்கு மேலே பனை ஆழத்துக்குப் பச்சைத் தண்ணீர் நின்றது. கல் கம்பெனி மனமிரங்கி அதில் ஒரு மோட்டாரை இறக்கி, புளியமரத்தடிக்குக் குழாய் போட்டு, தொட்டி கட்டி, ஊர் மக்களுக்கு அன்பளிப்பு என்று நீல எழுத்தில் எழுதிக் கொடுத்தது. மேலவயலும் கீழவயலும் அதைத்தான் குடித்தன, ஊரும் அதைத்தான் குடித்தது. அவனைத் தேடிக் குழியை இறைத்தால் அந்தத் தண்ணீரும் போய்விடும். செகப்பி மட்டும் பக்கத்து ஊருக்கு நடந்துபோய்க் குடம் சுமந்தாள்.

ரெஜினா ட்ரோனைப் பறக்கவிட்டு நிழலை மேலிருந்து படம் பிடித்தாள். அந்த மிஷின் நிழலின் நீள அகலத்தை வைத்து இல்லாத மலையைக் கணினியில் மறுபடி கட்டியெழுப்பியது. எந்தப் பக்கம் எவ்வளவு வெட்டுப்பட்டிருக்கிறது என்று காட்டியது. பழைய செயற்கைக்கோள் படங்களோடு பொருத்திப் பார்த்து, மலை இந்த வடிவத்தில் இருந்தது ஒரே ஒரு நாள்தான், மறுநாள் படத்தில் இந்தப் பக்கம் சரிந்து கிடக்கிறது என்று சொன்னது. அதைப் பார்க்க வந்த செகப்பி அது எந்த நாள் என்று கேட்கவில்லை. திரையில் தெரிந்த துண்டின் முனையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"தாயி, இவ்வளவு பாக்குற மிஷினு குழிக்குள்ள எறங்கிப் பாக்காதா?"

"இது மேல பறக்குறது, அக்கா. தண்ணிக்குள்ள போற கேமரா வேற இருக்கு. ஆனா கல்லு கெடக்கே. தண்ணிய எறச்சுக் கல்லை அள்ளுனாத்தான்…"

"உங்க கம்பெனி எறைக்குமா?"

ரெஜினா தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். நம் நிறுவனத்தின் பொறுப்பு தரைமட்டத்துக்கு மேலே மட்டுமே என்று பதில் வந்தது. கூடவே, உள்ளூர் மக்களின் நல்லெண்ணத்துக்காகக் கம்பெனி பேர் போட்ட வெயில் தொப்பிகள் ஒரு பெட்டி வந்தன. நிழலுக்குள் உட்கார்ந்து ஊர் அந்தத் தொப்பிகளைப் போட்டுக்கொண்டது.

நிழலால் நஷ்டம் என்று வெயில் கம்பெனி கல் கம்பெனி மேல் வழக்குப் போட்டது. கோட்டாட்சியர் நேரில் பார்க்க வந்தார். புளியமரத்தடியில் மேசை போட்டார்கள். வக்கீல்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள், ஊர் சுற்றி உட்கார்ந்தது. சாத்தையா மேஸ்திரி கல் கம்பெனி வக்கீலுக்குப் பின்னால் குடை பிடித்தபடி நின்றார்.

"எங்களுக்குக் கொடுத்தது கல். கல்லை எடுத்துட்டோம். இப்ப அங்க ஒரு குண்டுக்கல்கூட இல்லை. நிழல் கனிமத்துல சேராது. குத்தகைப் பத்திரத்துல நிழலைப் பத்தி ஒரு வரி கிடையாது. இல்லாத பொருளோட நிழலுக்கு யார் பொறுப்பு?" என்றார் கல் வக்கீல்.

"எங்க கட்சிக்காரர் குத்தகைக்கு எடுத்தது நிலத்தை மட்டுமில்லை, அதுமேல விழற வெயிலையும் சேர்த்துத்தான்," என்றார் வெயில் வக்கீல்.

"வெயிலயும் குத்தகைக்கு விட்டாச்சா? யாருப்பா விட்டது?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"கடை வாசல்ல பெஞ்சு போட்டுக் குளிருக்கு வெயில் காயுறேன். எனக்கும் பில்லு போட்டுறாதீக," என்றார் ராவுத்தர். கோட்டாட்சியரே சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்குவதற்குள் செகப்பி எழுந்து வந்து மேசை முன்னால் நின்றாள்.

"அய்யா, நெழலு தன்னால வரல. எங்க வீட்டு ஆளு அதுல நிக்கிறாரு. குழியில கெடக்குறாரு. தண்ணிய எறச்சு அவரை எடுத்துக் குடுங்க. எடுத்துட்டா மலையும் போயிரும்."

கோட்டாட்சியர் பேனாவை மூடிவைத்தார். நல்ல மனுஷன்தான்; கிண்டல் செய்யவில்லை. "யாரும்மா அது?" என்றார்.

"எங்க வீட்டு ஆளுங்க."

"பேரு?"

செகப்பி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கோட்டாட்சியர் ஊரைப் பார்த்தார். "உங்கள்ல யாராவது சொல்லலாம். நிழல்ல நிக்கிறது யாரு? எழுதிக்கிறேன்." ஊர் தொட்டியைப் பார்த்தது. தொட்டியில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வீரணன் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் சொல்றேன் சார்," என்று ரெஜினா எழுந்தாள். "அடைக்கன்."

"அவரை நீங்க பார்த்திருக்கீங்களா மேடம்?" என்றார் கல் வக்கீல்.

"இல்ல. படத்துல…"

"படத்துல ஒரு புள்ளிதான் இருக்கு. புள்ளிக்கெல்லாம் பேர் வச்சா எப்படி?" வெயில் வக்கீலும் திரும்பி அவளைப் பார்த்து உட்காரும்படி கையைக் காட்டினார்.

அப்போதுதான் சாத்தையா மேஸ்திரி குனிந்து கல் வக்கீலின் காதில் என்னவோ சொன்னார். வக்கீல் முதலில் புரியாமல் அவரைப் பார்த்தார், பிறகு புரிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு எழுந்தார். "அய்யா, இந்தம்மாவே சொல்லட்டும். தன் வாயால. மனைவி அடையாளம் சொன்னா நாங்க மறுக்க மாட்டோம்."

பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு ஓடியது. "ஏ செகப்பி, சொல்லிறாத!" என்று ஒருத்தி கத்தினாள். "சண்டாளப்பாவி, சொல்லிக்குடுத்துட்டானே," என்று இன்னொருத்தி மேஸ்திரியைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். சாத்தையா குடையைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டார்.

"என்னம்மா, என்ன சத்தம் அங்க?" என்றார் கோட்டாட்சியர்.

"சொன்னா போயிருவாரு அய்யா."

"பேரு இல்லாம எந்த ஆளையும் நான் தேடச் சொல்ல முடியாதும்மா. பேரைச் சொல்லு. எழுதிட்டா, குழிய எறைக்க உத்தரவு போடறதுக்கு எனக்கு ஒரு வழி இருக்கும்."

"எறைப்பீகளா?"

"முதல்ல சொல்லு."

நிழல் அப்போது கண்ணாடிகளைக் கடந்து வந்துகொண்டிருந்தது. ஏறிய தோளும் ஆட்டுக்காது போன்ற துண்டு முனையுமாக அவன் முன்னால் வந்தான், தொட்டியின் நீல எழுத்தின் மேல் ஏறினான், மேசைக்கால்களுக்கு நடுவே புகுந்து செகப்பியின் பாதத்தருகே வந்தான். அவள் குனிந்து பார்த்தாள். கூப்பிட்டால் இனி பட்டிக்கு வரமாட்டான் என்பதும், கூப்பிடாவிட்டால் குழியிலிருந்து வரமாட்டான் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. காகிதத்தின் மேல் பேனா காத்திருந்தது. அவள் பேனாவை நம்பினாள். முறம் இல்லாததால் வெறுங்கையால் மாரில் அறைந்துகொண்டு,

"அடைக்கா!" என்று கூப்பிட்டாள்.

குழிப் பக்கத்திலிருந்து ஒரு எதிரொலிகூட வரவில்லை. நிழல் நின்றது. பிறகு, ஈரத்தரை காய்வதுபோல, விளிம்பிலிருந்து உள்வாங்கி, தெருவை விட்டு, மரத்தை விட்டு, கண்ணாடிகளை விட்டு மேற்கே போய்க்கொண்டே இருந்தது. மலை இருந்த இடத்தில் கடைசியாக ஒரு பாய் அகலத்துக்குக் கிடந்து, அதுவும் போனது. மேசை மேல் வெயில் அடித்தது. தரிசில் அத்தனை கண்ணாடிகளும் ஒரே நேரத்தில் பளிச்சிட்டதில் கூட்டம் கையால் முகத்தை மூடிக்கொண்டது.

கோட்டாட்சியர் காகிதத்தை இழுத்து நேராக வைத்தார். பிறகு எழுதினார்: ஆய்வு நேரத்தில் சம்பவ இடத்தில் நிழல் ஏதும் காணப்படவில்லை. ஆகவே வழக்குக்கு முகாந்திரம் இல்லை.

"அய்யா, குழி," என்றாள் செகப்பி.

"இருக்கிறதைத்தானேம்மா எழுத முடியும்," என்றார் அவர். இரண்டு வக்கீல்களும் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஜீப் போனதும் மேசையை மடக்கினார்கள். ரெஜினாவை அந்த மாதமே வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டது கம்பெனி. எடுத்த படமெல்லாம் கம்பெனியின் சொத்து என்று வாங்கி வைத்துக்கொண்டது.

அதன் பிறகு ஒத்தப்புளிப்பட்டிக்குச் சாயங்காலம் என்று ஒன்று இல்லாமல் போனது. இருட்டும் வரை வெயில் அடித்தது, இருட்டியதும் இருட்டியது, நடுவில் எதுவுமில்லை. ஆடுகள் திரும்ப நேரம் தெரியாமல் கண்ணாடிகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன, காவலாளி கம்பால் அடித்து விரட்டினான். மிளகாய் வெளுத்தது. கண்ணாடிகளில் பிறந்த கரண்ட் ஊருக்கு மேலே கம்பியில் எங்கோ போனது. வீரணன் வால்வைப் பிடித்துக்கொண்டு விழித்தான். மேலவயல்காரர்கள் செல்போனைக் காட்டி இன்னும் நேரமிருக்கிறது என்றார்கள், கீழவயல்காரர்கள் வேறு செல்போனைக் காட்டி எப்போதோ முடிந்தது என்றார்கள். நிழல் மாதத்துக்கு மாதம் முன்னே பின்னே வந்து பழக்கியிருந்தது, செல்போனுக்கு மாதம் தெரியவில்லை. ஒரு நாள் மண்வெட்டியால் ஒருவன் மண்டை பிளந்தது. தொட்டித் தண்ணீரை அள்ளித்தான் அந்த ரத்தத்தைக் கழுவினார்கள்.

மறுநாள் செகப்பி புளியமரத்தடிக்கு வந்தாள். தாலி அப்படியே இருந்தது. "எடுத்துக் குடுக்கட்டும், அறுக்குறேன்," என்று சொல்லிவிட்டாள். தொட்டிக்கு முதுகைக் காட்டிக் குழியைப் பார்த்து நின்று, "அடைக்கா!" என்று கூப்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். வீரணன் தரையைப் பார்த்தான். அந்த மாதத்துக்கு நிழல் மரத்தைத் தொடும் நேரம் அதுதான். அவன் வால்வைத் திருகினான், மேலவயலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவள் தினமும் வந்தாள், கூப்பிட்டாள், தண்ணீர் திரும்பியது. புருஷன் வீடு வரும் நேரம் எந்த மாதத்தில் எப்போது என்று அவளுக்குத் தப்பவே இல்லை. முதலில் அந்தப் பேரைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் பிறகு அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பேர் கேட்டால்தான் சோறு. அப்போதும் அவளைத் தவிர வேறு யாரும் அவனைப் பற்றிப் பேசவில்லை. கல்யாண வீட்டில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

கீழவயலில் முதல் வயல் சாத்தையா மேஸ்திரியுடையது.

நெற்கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் செகப்பி காய்ச்சலில் விழுந்தாள். கூப்பாடு கேட்கவில்லை, தண்ணீர் மேலவயலுக்கே போய்க்கொண்டிருந்தது. கீழவயல்காரர்கள் ஒவ்வொருவராகப் புளியமரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள். சாத்தையா கடைசியாக வந்தார்.

"திருப்புடா வீரணா, நேரமாச்சு."

"கூப்பாடு கேக்கலையே மேஸ்திரி."

"அவளுக்குக் காய்ச்சல்டா. தெரியாதா உனக்கு?"

"தெரியும். அப்ப நீங்க கூப்புடுங்க."

"என்னடா பேச்சு இது? நான் எதுக்கு…"

"முறைன்னா முறைதானே மேஸ்திரி. நாளைக்கு மேலவயல்காரன் மண்வெட்டியத் தூக்குனா நானா பதில் சொல்றது?"

சாத்தையா சுற்றிப் பார்த்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை, எல்லோரும் அவர் வயலைப் பார்த்தார்கள். கதிர்கள் தலை தொங்கிக் கிடந்தன. அவர் குழிப் பக்கம் திரும்பினார், இருமினார், துண்டால் வாயைத் துடைத்தார். "அடைக்கா," என்றார்.

"கேக்கல."

"அடைக்கா!"

வீரணன் வால்வின் மேல் கையை வைத்தான், திருகவில்லை. கோட்டாட்சியர் முன்னால் தலைகுனிந்து நின்றதிலிருந்து அவன் யாரிடமும் அதிகம் பேசியதில்லை. "அன்னைக்கு அவன் வேலைக்கு வந்தானா மேஸ்திரி?" என்றான்.

வெயில் அப்படியே நின்றது. சாத்தையா தன் வயலை ஒருமுறை பார்த்தார்.

"வந்தான்," என்றார்.

"இப்ப எங்க இருக்கான்?"

சாத்தையா கையை நீட்டித் தொட்டியைக் காட்டினார்.

அதை எழுதிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. படம் பிடிக்க மேலே எதுவும் பறக்கவில்லை. கூட்டத்தில் ஒருவர் மட்டும், கொஞ்சம் முன்னால் அள்ளிக் குடித்த தண்ணீரை ஓரமாகப் போய்க் கக்கினார். மற்றவர்கள் மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்தார்கள். வீரணன் வால்வைத் திருகினான், குழாய் ஒருமுறை அதிர்ந்து, தண்ணீர் கீழவயலுக்குப் போனது; முறைப்படி, முதலில் சாத்தையாவின் வயலுக்கு.